பதினேழாம் மையம் பேசவில்லை

6 நவம்பர் 2000, திங்கள்

காலையில் தூறல். பிறகு வெறும் மூட்டம். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இரண்டாவது நாளாக வரவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டேன்.

8.40-க்கு மையம் திறந்தேன். ஷட்டர் ஈரத்தில் சிக்குகிறது. எண்ணெய் வாங்க வேண்டும். யூ.பி.எஸ். பாட்டரி பலவீனம், மூன்றாம் முறை சொல்லியாயிற்று.

17 — 8.52. சரி.

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. இது புதியது. முதல் பக்கம் என்பதால் சிலவற்றை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் எனக்கு அரைகுறை பிடிக்காது.

தொலைவிலிருந்து பாடம் கேட்கும் எங்கள் மையம் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். கடைக்காரர் வீட்டு மருமகள் லலிதா மேடம் நடத்துகிறார். நான் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். பெங்களூர்க் கம்பெனி ஒன்று வாத்தியாரின் குரலையும் அவர் எழுதும் பலகையையும் முப்பத்தெட்டு ஊர் மையங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறது. முப்பத்தெட்டு தடவை அல்ல, ஒரே தடவை. வழியில் பாதை பிரிகிற இடத்தில் ரவுட்டர் பிரதி எடுத்துக் கொடுக்கும். மல்டிகாஸ்ட் என்பார்கள். நல்ல யோசனை. கெடுத்தது பதில் சொல்லும் முறை.

ஒவ்வொரு பலகைப் படத்துக்கும் ஒவ்வொரு மையமும் "சரி, கிடைத்தது" என்று திரும்பச் சொல்கிறது. மைய எண், ஆள் பெயர், கிடைத்த பாக்கெட், அதாவது படத்தின் துண்டு, எத்தனை, தவறியது எத்தனை. அது எல்லா மையத்துத் திரையிலும் தெரியும். முப்பத்தெட்டு "சரி"யும் ஒரே நொடியில் பெங்களூர் லைனில் போய் முட்டுகின்றன. அந்த நெரிசலில் அடுத்த பலகை தொலைகிறது. தொலைந்ததும் அனுப்பும் வேகம் பாதியாகிறது. வாத்தியார் திக்கித் திக்கிப் பேசுகிறார். கெடுவது வாத்தியார் அல்ல, "சரி" சொல்கிறவர்கள்.

இதை நான் முப்பத்தோரு வருஷம் பார்த்தவன். தங்கச் சுரங்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. உள்ளே பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும். அடுத்த நிமிஷம் உள்ளே ஒவ்வொரு ஆழத்திலும் இருக்கும் எல்லா லெவலிலிருந்தும் ஒரே சமயத்தில் மணி. "நாங்க நல்லா கீறோம்." "நாங்களும் நல்லா கீறோம்." எக்ஸ்சேஞ்ச் பலகை முழுக்க விளக்கு. எவன் மாட்டிக்கொண்டு கிடக்கிறானோ அவனுக்கு மட்டும் லைன் கிடைக்காது. நான்தான் ஒழுங்கு எழுதினேன். ஒன்று, நல்லா இருக்கிறவன் போனைத் தொடாதே; குறை உள்ளவன் மட்டும் கூப்பிடு. இரண்டு, உன் லெவலில் ஒருவன் கூப்பிட்டுவிட்டால் நீ கூப்பிடாதே. சுற்றறிக்கை மேனேஜர் பெயரில் போயிற்று. என் பெயர் எங்கேயும் இல்லை.

அந்த இரண்டு விதியோடு அனுப்புகிறவனுக்கு ஒரு மூன்றாம் விதியும் சேர்த்து, கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி விரித்து ஜூன் மாதம் கம்பெனிக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். பதினோரு பக்கம், படத்துடன். பதில் இல்லை. ரசீது பத்திரமாக இருக்கிறது.

17 என்பது ஹூப்ளி மையம். அங்கே இயந்திரம் போட்டதும் வரும் முதல் "சரி"யின் நேரத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். ஆள் பெயர் இடத்தில் "வி. மங்கை" என்று வரும். வி என்பது நான்.

7 நவம்பர், செவ்வாய்

வெயில். கன்னட ராஜ்யோத்சவ விழா மைக் செட் இன்னும் அவிழ்க்கவில்லை. காலையிலிருந்து காதைப் பிளக்கிறது.

17 — 8.51. சரி. ஒரு நிமிஷம் முன்னதாக. பஸ் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

எண்ணெய் வாங்க மறந்தேன்.

மதியம் அந்தோணி வந்தான். சுரங்கக் குழியின் வாயில், ஆள் இறக்கும் கேஜ் கூண்டுக்கு மணி அடித்தவன், என்னோடு ஒரே வருஷம் ரிட்டையர். அவன் மகள் ஸ்டெல்லாவும் என் மகள் மங்கையும் ஒன்றாகப் படித்தவர்கள். ஸ்டெல்லா இப்போது ஹூப்ளியில் நர்ஸ்.

"இன்னா எக்ஸ்சேஞ்சு, எந்நேரமும் அந்தப் பொட்டியவே பாத்துகினு கீறே. சினிமாவா ஓடுது?"

"ரிப்போர்ட் பார்க்கிறேன்."

"ரிப்போர்ட்டுல இன்னா கீது?"

"எல்லாம் சரின்னு இருக்கு."

"எல்லாம் சரின்னா எதுக்குப்பா பாக்குறே?"

டீ சொல்லி வாயை அடைத்தேன். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று மறுபடி பேச்சு கிளம்பியிருக்கிறதாம். முப்பது வருஷமாக மூடிக்கொண்டிருக்கிறார்கள். போகும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்தான். ஏதோ கேட்பேன் என்று எதிர்பார்த்தவன் மாதிரி. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8 நவம்பர், புதன்

மூட்டம். முழங்கால் வலி.

17 — 8.52. சரி.

வாங்க வேண்டியது: எண்ணெய், சிவப்பு ரீஃபில், வலி மாத்திரை, அரை கிலோ ரவை.

பதினொரு மணிப் பாடம் படுமோசம். முப்பத்தெட்டும் ஒரே நேரத்தில் "சரி" சொல்லி, ஒன்பது பலகை தொலைந்தது. ல. மேடம் நேரே என்னிடம்:

"இன்னாங்க சார், ஃபீஸ் கட்டின பசங்க என்னைக் கேக்குறாங்க. வாத்தியாருக்கு விக்கலான்னு."

"விக்கல் வாத்தியாருக்கு இல்லைம்மா. கம்பெனிக்கு. ஜூன்ல எழுதிட்டேன்."

"நீங்க எழுதினதை யாரு சார் படிக்கிறாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நான்தான் வைத்துக்கொண்டேன்.

9 நவம்பர், வியாழன்

17 — 9.11. வியாழன் என்றால் இப்படித்தான், இருபது நிமிஷம் தாமதம். ஒரு வருஷக் கணக்கு பார்த்துவிட்டேன், தவறுவதில்லை. கோயிலாக இருக்கும். அவள் அம்மா கனகாவுக்கும் வியாழன் விரதம் உண்டு.

பெங்களூரிலிருந்து பிரசாத் போன். கம்பெனியின் நெட்வொர்க் இன்ஜினியர், முப்பது வயது இருக்கும். எல்லாவற்றுக்கும் சார் போடுகிறவன்.

"சார், குட் நியூஸ். மண்டேலேர்ந்து புது வெர்ஷன். இனிமே யாரும் சரி சொல்ல வேண்டாம். லாஸ் ஆனவங்க மட்டும் ரிப்போர்ட் பண்ணுவாங்க. அதுவும் ரேண்டமா கொஞ்சம் வெயிட் பண்ணி. அதுக்குள்ள வேற சென்டர் அதே பாக்கெட்டைக் கேட்டுட்டா இவங்க சைலன்ட்."



"அது என் கடிதம்."

"எந்தக் கடிதம் சார்?"

"ஜூன். பதினோரு பக்கம். ரிஜிஸ்தர்."

"சார், நான் பாக்கல சார், ப்ராமிஸ். இது ஃபாரின்ல ஏற்கெனவே பேப்பர் போட்டிருக்காங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச மெத்தட். நீங்களே தனியா யோசிச்சீங்களா? கிரேட் சார்."

கிரேட். எனக்கு அந்த வெளிநாட்டுக்காரன் மேல் கோபம் இல்லை. அவன் ஊரிலும் ஏதாவது எக்ஸ்சேஞ்ச் இருந்திருக்கும். "நீங்களேவா" என்று கேட்டானே, அதுதான். எட்டாம் கிளாஸ் படித்தவன் யோசிக்கக்கூடாதா? மங்கையின் காலேஜ் புத்தகத்தையும் பழைய பேப்பர் கடையில் பொறுக்கினதையும் வைத்து, அகராதியோடு, வரி வரியாகப் படித்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இருந்தாலும் சந்தோஷம்தான். மறுக்கவில்லை. ரவையில் முந்திரி போட்டுக் கிளறிச் சாப்பிட்டேன்.

11 நவம்பர், சனி

நல்ல வெயில். துணி துவைத்தேன்.

17 — 8.52. சரி.

நிரல் டிஸ்க் கூரியரில் வந்தது. ஏற்றினேன். மைய எண், ஆள் பெயர் எல்லாம் புதிதாகப் பதியச் சொன்னது. என் மூன்றாம் விதியும் அதில் இருக்கிறது: குறை கேட்டால் அனுப்புகிறவன் உடனே பாதி வேகம், குறை வராதவரை மெல்ல மெல்ல ஏற்றலாம். குறை வந்தும் குறைக்காதவன் அனுப்பத் தகுதியில்லாதவன் என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். இங்கே அவ்வளவு கடுமை இல்லை. சும்மா ஒரு வரி. கையால் மாற்றவும் இடம் விட்டிருக்கிறார்கள். அது தப்பு. சொல்ல வேண்டும்.

13 நவம்பர், திங்கள்

பனி. பத்து மணி வரை எதிர்வீடு தெரியவில்லை.

புது வெர்ஷன் முதல் நாள். பாடம் தண்ணீர் போல ஓடியது. எங்களுக்கு ஒரு பலகைகூடத் தவறவில்லை. வாத்தியாரின் இருமல்கூடத் தெளிவாகக் கேட்டது. ல. மேடம் கீழே கடையிலிருந்து ஜாங்கிரி வரவழைத்தார். "சார், உங்க மூளை சார்!" என்றார் எல்லார் முன்னாலும். அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சாயங்காலம் நோட்டை எடுத்தேன். 17 என்று எழுதினேன். கோடு போட்டேன். நேரம் எழுதப் பார்த்தால் எழுத ஒன்றும் இல்லை.

திரையில் குறை சொன்னது 4-ஆம் மையம் ஒருமுறை, 22 இருமுறை. மழை ஊர்கள். அவ்வளவுதான். ஹூப்ளி லைன் நல்ல லைன். தவறுவதே இல்லை. அதனால் பேசாது. இனிமேல் பேசாது.

கடிதம் எழுதும்போது 17-ஐ நான் நினைக்கவில்லை. முப்பத்தெட்டையும் நினைத்தேன். அப்படித்தான் நான்.

14 நவம்பர், செவ்வாய்

17 —

எண்ணெய் வாங்கினேன். போடவில்லை.

15 நவம்பர், புதன்

17 —

பாடம் அருமை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிரசாத் ஒரு தாள் ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறான், நெரிசல் எவ்வளவு குறைந்தது என்று படம் போட்டு. அடியில் நன்றி என்று நான்கு பெயர். நான் இல்லை. இன்றைக்கு அது அவ்வளவு உறைக்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

16 நவம்பர், வியாழன்

கனகா போய் இன்றோடு இரண்டு வருஷம். தூறல்.

போன வருஷம் இதே நாள். நான் இந்த வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காலையிலிருந்து 17 வரவேயில்லை. அம்மாவுக்காக லீவு போட்டிருக்கிறாள். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். "17 இல்லை" என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். சந்தோஷமாக எழுதினது நினைவிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்தோம், வேறு வேறு ஊரில்.

இன்றைக்கு அவள் லீவா, வந்திருக்கிறாளா? தெரியாது. வந்து எல்லாம் கிடைத்தாலும் மௌனம், வராவிட்டாலும் மௌனம். இதைக் கடிதத்தில் நான் எழுதவில்லை. பதினோரு பக்கத்தில் ஒரு வரி இல்லை. மௌனத்தில் இரண்டு வகை உண்டு என்று எக்ஸ்சேஞ்சிலேயே எனக்குத் தெரியும். ஒரு தடவை எந்த மணியும் அடிக்காத லெவலில்தான் மூன்று பேர் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். தெரிந்தும் எழுதவில்லை. அழகான விதியில் அது அழுக்காகத் தெரிந்தது.

படத்துக்குப் பூ. சேமியா பாயசம், அவளுக்குப் பிடித்தது. நானே வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது.

எழுதிவிடுகிறேன். கனகாவுக்குக் காய்ச்சல், பிறகு மூச்சு வாங்கல். மங்கை அப்போது பெங்களூரில் டிரெய்னிங். பெங்களூருக்குக் கொண்டுவந்துவிடு என்று மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவை நான் சொன்னது: "இங்கேயே பாக்கறாங்க. தேவைன்னா நான் கூப்புடறேன். சும்மா கூப்ட்டு கூப்ட்டு லைனை அடைக்காதே." அவள் கூப்பிடவில்லை. அவளும் எக்ஸ்சேஞ்ச்காரன் மகள். நாலு நாள். நான் கூப்பிட்டபோது சொல்வதற்கு ஒரே செய்திதான் இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் வாசலில் பையோடு நின்று சொன்னாள். கத்தவில்லை.

"நீ கூப்புடலப்பா. நீ கூப்புடலன்னா அம்மா நல்லா கீதுன்னுதானே அர்த்தம்? நீதானே அப்படி வச்சே?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இனிமே நானும் அப்படியே. கூப்புடலன்னா நல்லா கீறேன்னு நெனச்சுக்கோ."

அழைத்துப் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரே சொன்னார். அதை மங்கை கேட்கத் தயாராக இல்லை. நான் செய்தது தப்பு என்று இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூப்பிட வேண்டியவள் அவள். சின்னவள்.

பாயசத்தைக் கொட்டிவிட்டேன்.

17 நவம்பர், வெள்ளி

பிரசாத் சுற்றறிக்கை. நாளை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை சோதனை. எல்லா மையத்திலும் இயக்குபவர் கட்டாயம் இருக்க வேண்டும். பெங்களூரிலிருந்து வேகத்தை ஏற்றி ஏற்றி அனுப்பிப் பார்ப்பார்கள்.

அப்படியானால் நாளைக்கு அவள் இருப்பாள்.

குழுவில் எந்த மையமும் அனுப்பலாம். நாங்கள் அனுப்பியதில்லை, அவ்வளவுதான். பழைய லேத் மெஷின் பாடம் ஒன்று வட்டில் இருக்கிறது, பெரிய கோப்பு. முழு வேகத்தில் விட்டால் பொதுப் பாதை நிரம்பும். நல்ல லைனிலும் தவறும். தவறினால் பேசுவாள்.

இதை எழுதிப் பார்ப்பதற்கே கை கூசுகிறது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவை சொந்த வேலைக்கு லைன் எடுத்ததில்லை. கனகா பிரசவ வலியில் இருந்தபோதுகூட முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்.

செய்ய மாட்டேன்.

18 நவம்பர், சனி

செய்தேன்.

வெயில், காற்று. மேடம் கடையில். மையத்தில் நான் மட்டும்.

2.10. அனுப்பினேன். மூன்றே நொடி. 4 பேசியது: இருபது பாக்கெட் இல்லை. அவ்வளவுதான், மற்ற எல்லோரும் மௌனம். என் இரண்டாம் விதி. ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் சொல்ல வேண்டாம். 17-க்கும் தவறியிருக்கலாம். 4 முந்திக்கொண்டதால் அது வாயை மூடிக்கொண்டிருக்கும். நிரல் வேகத்தைப் பாதியாக்கியது. நான் கையால் ஏற்றினேன்.

இரண்டாம் தடவை பேசியது: 31.
மூன்று: 4.
நான்கு: 9.
ஐந்து: 22. இதற்குள் பெங்களூர்ச் சோதனை நின்றுபோயிற்று.
ஆறு, ஏழு: 12, மறுபடி 4.

யார் முதலில் பேசுவது என்பது அந்தந்த நொடிக் குலுக்கல். ஆனால் தூரம் குறைந்தவனுக்கு வாய்ப்பு அதிகம். நானே கணக்குப் போட்டு எழுதினது. ஹூப்ளி தூரம்.

ஒவ்வொரு தடவையும் குறை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கையால் வேகத்தை ஏற்றினேன். ஒரு பெண் மூன்று தடவை கூப்பிட்டுச் சொன்னதையும் இப்படித்தான்...

டெலிபோன் அடித்தது. எடுத்தேன்.

"சார், பிரசாத். உங்க லைன்லேர்ந்து ஏதோ ஃப்ளட் ஆகுது. வைரஸா? முப்பத்தெட்டு சென்டரும் அடி வாங்குது சார்."

"வைரஸ் இல்லை. நான்தான்."

"நீங்களா? எதுக்கு சார்?"

"ஒரு ரிப்போர்ட் வேணும்."

"எந்த ரிப்போர்ட் சார்? கேட்டா நான் எடுத்துத் தர மாட்டேனா? நிறுத்துங்க சார், ப்ளீஸ்."

கேட்டால் தருவான். உண்மை. போனை மேசையில் வைத்துவிட்டு இன்னும் ஒரு தடவை அனுப்பினேன். பதினான்காவது. நேரம் 2.47.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

17. கே. மங்கை. தவறியது: 3.

முதலில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கே.

அப்பன் பெயரின் எழுத்து இருந்த இடத்தில் வேறு எழுத்து வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் கனகாவும் அப்படித்தான் எஸ். விட்டு வி. ஆனாள். என் கையால் ரேஷன் கார்டில் மாற்றினேன்.

மையத்துப் பதிவேட்டில் குறை சொன்னவர் பெயர் என்று ஒரு பத்தி உண்டு. பழக்கத்தில் கை வி. என்று எழுதிவிட்டது. அடித்துவிட்டு, கே. மங்கை என்று எழுதினேன். காரணம் என்ற பத்தியில்: அனுப்பியவர் அதிக வேகம்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். மறுபடி பாதி. மறுபடி. பிறகு நிறுத்தினேன். போனில் பிரசாத் இன்னும் "சார், சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

19 நவம்பர், ஞாயிறு

காலை பனி, பிறகு வெயில். நடந்தே அந்தோணி வீட்டுக்கு, மாரிகுப்பம் வரை. அவன் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா, சொல்லாம கொள்ளாம? ஒக்காரு. கறி வேவுது."

"மங்கைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

சட்டையை ஆணியில் மாட்டினான். ரொம்ப நேரம் மாட்டினான்.

"செப்டம்பர்ல. ரிஜிஸ்தர் ஆபீசுல. ஸ்டெல்லா சாட்சிக் கையெழுத்து."

"ரெண்டு மாசமா எங்கிட்டச் சொல்லாம இருந்தியா? வாரத்துக்கு மூணு தபா வந்து டீ குடிச்சியே!"

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'மாமா, எங்கப்பா கேட்டா எல்லாத்தையும் சொல்லிடு. கேக்கலன்னா சொல்லாதே.' நானும் வந்து வந்து ஒக்காந்தேன். நீ கேட்டியா? ரெண்டு வருசத்துல ஒரு தபா, 'மங்கை எப்படி கீறா'ன்னு கேட்டியா? பொட்டியப் பாத்துகினு இருந்தே."

"அவ நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியும். தெனம் பார்த்தேன்."

"எதுல பாத்தே?"

சொல்லவில்லை. சொன்னால் சிரிக்க மாட்டான், அதுதான் கஷ்டம்.

அவன் மனைவி சோறு போட்டாள். சாப்பிட்டேன். கை கழுவும்போது கேட்டேன்:

"அவர் பேரு?"

"கேசவன். டெலிபோன்ல லைன்மேன்." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்: "உன் தொழில்தான்."

அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய சயனைடு மண் மேட்டோரமாகவே நடந்து வந்தேன். காற்றில் கண்ணெல்லாம் தூசி.

20 நவம்பர், திங்கள்

பனி. ஷட்டருக்கு எண்ணெய் போட்டேன். சத்தமில்லாமல் ஏறுகிறது.

கம்பெனி ஃபேக்ஸ். எங்கள் கே.ஜி.எஃப். மையத்துக்கு அனுப்பும் அனுமதி ரத்து. இனி கேட்க மட்டும். குறை இருந்தால் சொல்லலாம், அது போகும். வேறு எதுவும் இங்கிருந்து போகாது. ல. மேடம் தாளை இரண்டு முறை படித்தார். என்னைப் போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"யாரை சார் தேடினீங்க அதுல?"

"மகளை."

"கீழே போய் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வாங்க சார். நான் பாத்துக்குறேன்" என்றார். பதிவேட்டை அவரே மூடி வைத்தார். நான் போகவில்லை.

8.52. 17 பேசவில்லை.

8.53.

8.54. எல்லாம் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நல்லா இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் பேச்சு.

டெலிபோன் பூத் ஒன்பதுக்குத் திறக்கும். எண் அந்தோணியிடம் வாங்கியாயிற்று. என்ன சொல்வது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன், அங்கே போய்த் தடுமாறக்கூடாது.

மங்கை, நான் அப்பா. ஒரு குறையும் இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன்.

அடித்துவிட்டேன். சும்மா கூப்பிடுவது என் விதியில் கிடையாது. குறை உள்ளவன்தான் கூப்பிடலாம்.

மங்கை, நான் அப்பா. குறை இருக்கிறது.